சிவப்பு அம்பு ஒட்டிய பாக்கெட்டுகள்

போன வாரம் பிரவீன் போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவர் அவர். எங்கள் பிஸ்கட் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறார். முப்பது வயது இருக்கும், மரியாதையான பிள்ளை.

"மேடம், ஒரு சந்தேகம். நம்ம வேலை முறை நோட்டுல ஒரு வரி இருக்குது. 'காலையில் வேகும் முதல் தட்டு பிள்ளைகளுக்கு'ன்னு. கீழ உங்க கையெழுத்து. காரணம் எதுவும் போடல. அந்த வரிய எடுத்துடலாமான்னு மீட்டிங்ல பேச்சு வந்துச்சு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எடுத்துத்தான் பாருங்களேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு யோசித்தேன். அந்தப் பிள்ளை கேட்டதில் என்ன தப்பு? காரணத்தை எழுதாமல் விட்டவள் நான்தான். எழுதினால் நான் செய்த காரியத்தையும் எழுத வேண்டியிருந்திருக்கும். அதற்கு அன்றைக்குத் தைரியம் இல்லை. இப்போது வேலையும் இல்லை, மேலதிகாரியும் இல்லை, எழுதிவிடுகிறேன்.

நான் திமிரிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த மூன்றாம் மாதமே ஷூ கம்பெனி வேனில் ஏறிவிட்டேன். கோந்து தடவினேன், நூல் வெட்டினேன், மிஷினில் தைத்தேன். பிறகு கடைசிச் செக்கிங் மேசைக்குப் போய் அங்கேயே பத்தொன்பது வருஷம் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன், அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. தலைக்கு மேலே வெள்ளை டியூப் லைட். இடது கையை ஷூவுக்குள் விட்டு, வலது கட்டைவிரலால் தையல் ஓரமாகத் தடவிக்கொண்டே வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். குறை எங்கே இருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பின் முனை குறையைக் காட்டும். அம்பு ஒட்டிய ஜோடி எந்தக் காரணத்தைக் கொண்டும் வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிக்குள் போகக்கூடாது. புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன், "அம்பு ஒட்டினா அது ஃபெயிலு. அப்பறம் அதத் தொடாத. நல்லாத்தான இருக்குதுன்னு எங்கிட்ட வந்து பேசாத."

என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "இவ சாம்பாருக்கே பாஸ் ஃபெயில் போடறவ. எம்மேல எத்தினி அம்பு ஒட்டி வெச்சிருக்காளோ."

அம்பு ஒட்டிய ஷூக்கள் வீணாகாது. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் முன்னால் எங்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். செகண்ட்ஸ் என்று பெயர். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் காலில் செகண்ட்ஸ்தான். யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு ஷூவைப் பார்த்ததும் அது ஃபர்ஸ்டா செகண்ட்ஸா என்று சொல்லத் தெரியாத ஆள் ஆம்பூரில் கிடையாது.

அந்த மேசையிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் ஆபா. உருதுவில் அக்காவை ஆபா என்பார்கள். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்தார்கள். அது மூடிய பிறகு, தோல் காயப்போட்ட கூடத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, உள்ளே ஒரு ஓவன் வைத்தார். கேழ்வரகு, வேர்க்கடலை, வெல்லம் போட்டு பிஸ்கட். கடையில் ஒரு பாக்கெட் விற்றால், எடை குறைந்த ஒரு பிள்ளையின் வீட்டுக்கு ஒரு பாக்கெட் போக வேண்டும். அதுதான் கம்பெனி.

"தர்மம் பண்றீங்களா ஆபா?" என்று சேர்ந்த புதிதில் கேட்டுவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா முனையால் துடைத்தார். யோசிக்கும்போதெல்லாம் அவர் செய்வது அது. "தர்மம்னா ரம்ஜான்ல பண்றேன். இது வியாபாரம் ஜெயா. லாபம் வரணும். தர்மத்துக்குக் கை ஓஞ்சு போச்சுன்னா அந்தப் புள்ளைங்க இன்னா பண்ணும்? வியாபாரம் நல்லா நடந்துச்சுன்னா நான் மவுத் ஆனாலும் பாக்கெட் போவும்" என்றார்.

சம்பளம் வருகிற ஊரில் பிள்ளைகளுக்கு என்ன பசி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அம்மா ஏழரை மணிக்கு வேன் ஏறிவிடுவாள். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கும். டீயில் பன்னை நனைத்துக் கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும், அழாது. அழாத பிள்ளைக்குப் பசி இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வோம். நானும் என் பெரியவனை அப்படித்தான் வளர்த்தேன். அதனால்தான் ஆபா கூப்பிட்டதும் அதிகச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆபாவின் காலை வேளையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. ஆறரைக்கு வந்துவிடுவார். முதலில் கடலை மூட்டை. ஒவ்வொரு மூட்டையிலும் கையை ஆழமாக விட்டு, அடியிலிருந்து ஒரு கடலையை எடுத்து மென்று பார்ப்பார். கசந்தால் மூட்டை திரும்பிப் போகும், கொண்டுவந்தவன் சொந்தத் தம்பியாக இருந்தாலும். அப்புறம் ஓவன் சூடேற ஒரு தட்டு மாவை வைத்து ஓட்டுவோம், கணக்கில் வராததால் அதற்கு வெறும் தட்டு என்று பெயர். அந்தத் தட்டில் வேகிற பிஸ்கட் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வெளுத்து வரும். அது எங்கள் டீக்கு. எல்லோரும் நின்றபடியே டீ குடிப்போம், ஆபாவும்தான். அந்த டீயை மறுபடி ஒரு நாள் அப்படி நின்று குடிக்க முடிந்தால் என் மீதி ஆயுளில் ஒரு மாதத்தைக் கொடுத்துவிடுவேன்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை என்னுடைய நாள். பாலாற்றங்கரைத் தெருக்களில் பிள்ளைகளுக்குக் கை அளக்கப் போவேன். கை நாடா என்று ஒன்று உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நட்டநடுவே பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நாடாவைச் சுற்றி, அதன் துளையில் நுழைத்து, இறுக்காமல் தொங்காமல் நிறுத்த வேண்டும். அம்புக்குறி காட்டும் இடத்தில் பச்சை வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது. மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பிள்ளைகள் ஊசி என்று நினைத்து அலறும். நான் முதலில் ஒரு பொம்மைக்கு அளந்து காட்டுவேன்.

யாழினி மட்டும் அழமாட்டாள். இரண்டரை வயது. நான் பொம்மையை எடுக்கும் முன்பே கையை நீட்டிவிடுவாள். அளந்து முடித்ததும் நாடாவைப் பிடுங்கி என் கையில் சுற்றப் பார்ப்பாள், அது என் மணிக்கட்டோடு நின்றுவிடும். "ஆயா குண்டு" என்று சிரிப்பாள். மஞ்சளில் இருந்தாள், பச்சைக்கு இன்னும் கொஞ்சம்தான். அவள் அம்மா செல்வி ஷூ கம்பெனியில் தைக்கிறவள். முன்பு என் மேசையில் இரண்டு வருஷம் வேலை கற்றுக்கொண்டவள்.

அந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு பெரிய கடைக்காரர்கள் முதல் முறையாக ஆர்டர் கொடுத்தார்கள். அது மட்டும் நிலைத்துவிட்டால் பாக்கெட் வாங்கும் பிள்ளைகளை இரண்டு மடங்கு ஆக்கலாம் என்று ஆபா கணக்குப் போட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவருக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாதம் தூசியில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொறுப்பு என்னிடம் வந்தது.

ஒரு பிஸ்கட்கூடத் திரும்பி வரக்கூடாது என்று வீம்பு எனக்கு. ஓரம் உடைந்தது, நிறம் கூடியது எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே வைத்தேன். மலை மாதிரி சேர்ந்துவிட்டது. தின்று பார்த்தேன். அதே மாவு, அதே வெல்லம், அதே சத்து. எடை போட்டுப் பிள்ளைகளுக்கான பாக்கெட்டில் அடைக்கச் சொன்னேன். முழு பிஸ்கட் சென்னைக்கு, உடைசல் பிள்ளைகளுக்கு. ரொம்பச் சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

பாக்கெட் கலந்துவிடாமல் இருக்க ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. ஷூ கம்பெனிப் பழக்கத்தில் என் மேசை டிராயரில் எப்போதும் ஒரு சுருள் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கிடக்கும். பிள்ளைகள் பாக்கெட்டில் ஒவ்வொன்றாக நானே ஒட்டினேன். கை தன்னால் ஒட்டியது. பத்தொன்பது வருஷம் ஒட்டிய கை.

நான்கு வாரம் ஆட்டோவில் பாக்கெட்டுகள் போயின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிச் சனிக்கிழமை நாடாவோடு செல்வி வீட்டுக்குப் போனேன்.

யாழினி பாயில் படுத்திருந்தாள். கையை நீட்டவில்லை, நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். நடுவில் புள்ளி வைத்து நாடாவைச் சுற்றினேன். சிவப்பு. கழற்றி மறுபடி சுற்றினேன். சிவப்புதான்.

"இன்னாடி இது? எத்தினி நாளா இப்படி இருக்கா?"

"வயித்தால போவுதுக்கா, பத்து நாளா. நின்னு நின்னு வருது."

"பாக்கெட் குடுத்தியா இல்லியா?"

செல்வி எழுந்து அலமாரி மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தாள். நான்கு வாரப் பாக்கெட்டும் அதில் இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பெட்டியில் ஷூ அடுக்குவதுபோல ஒரே வரிசையாக, அம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கி வைத்திருந்தாள்.

"ஏன்டி பிரிக்கல?"

"ஃபெயிலுதானக்கா அது. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, அம்பு ஒட்டினதத் தொடாதேன்னு." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "அம்பு எங்க காட்டுதுன்னு பாத்தேன். ஒண்ணும் தெரியல. ஷூன்னா தெரியும், தையல் போயிருக்கும், தோலு சுருங்கியிருக்கும். தின்ற பொருள்ல இன்னா கெட்டுப்போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பயந்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுதான?"

"ஓசில வர்றத எப்படிக்கா கேக்கறது? கேட்டா அடுத்த மாசம் நிறுத்திட்டாங்கன்னா? இந்தத் தெருவுல யாருமே குடுக்கல. சில பேரு ஆட்டுக்குப் போட்டாங்க. எனக்குத் தூக்கிப்போட மனசு வரல." பெட்டியை மறுபடி மூடினாள். "செகண்ட்ஸ் எங்க காலுக்குன்னா பரவால்லக்கா. காலுதான. இது வாயி."

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். தோளில் பிள்ளை இருப்பதே தெரியவில்லை. ஆட்டோ பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். செல்வி பள்ளிகொண்டா தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பதினோரு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் ஒன்றையொன்று இழுத்துவிட்டது என்றார் டாக்டரம்மா. "ஒரு மாதம் பிஸ்கட் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதா?" என்று கேட்டேன். "தாங்கும் சக்தி கொஞ்சம் கூடியிருக்கும், அதற்குமேல் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில். அந்தக் கொஞ்சத்தைத்தான் இன்றுவரை நான் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆபா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திங்கட்கிழமையே வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. அம்பு ஒட்டிய ஒரு பாக்கெட்டைப் பிரித்து, உடைந்த துண்டு ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"நல்லாத்தான் இருக்குது."

"ஆமாம் ஆபா. சத்துல ஒரு குறையும் இல்ல."

"அப்ப இத சென்னைக்கு அனுப்பு."

நான் பிரித்த பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"முடியாதுல்ல? ஏன்? பாத்தா செகண்ட்ஸ்னு தெரிஞ்சிடும். அரே ஜெயா, கடைக்காரனுக்குத் தெரியறது நம்ப ஊருக்குத் தெரியாதா? ஆம்பூர்ல ஃபர்ஸ்ட் எது, செகண்ட்ஸ் எதுன்னு பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும்."

சென்னைக்குப் போகக் கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். அந்த முழு பிஸ்கட்டுகள் பிள்ளைகளின் பாக்கெட்டுக்குப் போயின. ஆர்டர் ஒன்பது நாள் தாமதமானது. கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டு பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இரண்டு மடங்கு பிள்ளைகள் என்ற கணக்கு அந்த வருஷம் நடக்கவில்லை. ஆபா அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. உடைசலை வெறும் கவரில் போட்டு, உடைசல் என்றே பெரிதாக எழுதி, டீக்கடைகளுக்கு விலை குறைத்துக் கொடுத்தோம். அது சக்கைப்போடு போட்டது, பாருங்கள். டீக்கு முழு பிஸ்கட்டையும் மனிதர்கள் உடைத்துத்தானே போடுகிறார்கள்.

ஆட்டோவில் அனுப்பாமல், அந்த வாரம் ஆபாவே ஒவ்வொரு வீடாக வந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு படியேறி, தாய்மார்களிடம் பாக்கெட்டைக் கொடுத்து, "தப்பு எங்களுது" என்று மட்டும் சொன்னார். நான் பின்னாலேயே நின்றேன். அம்பு ஒட்டியது நான் என்று அவர் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. தெருவுக்கே தெரியும், அது வேறு.

எல்லா வீடும் முடிந்த மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது நோட்டை என்னிடம் நீட்டினார். "எழுது. வெறும் தட்டு நம்பளுக்கு. அதுக்கப்பறம் வர்ற முதல் தட்டு புள்ளைங்களுக்கு. அது பாக்கெட் ஆன பிறகுதான் கடைக்கு." நான் "காலையில் வேகும் முதல் தட்டு பிள்ளைகளுக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெறும் தட்டைப் பற்றி எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன்.

யாழினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். இரண்டு மாதத்தில் மஞ்சளுக்கு ஏறினாள். மூன்றாவது மாதம் நான் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. செல்வியின் புருஷனுக்கு வேறு பக்கம் வேலை கிடைத்து, நெமிலியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கே போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போகிற அவசரத்தில் யாரிடமும் நம்பர் கொடுக்கவில்லை. அவள் பச்சைக்கு வந்ததை நான் பார்க்கவே இல்லை.

ஆபா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பாக்கெட்டுகள் அவர் சொன்னபடியே போய்க்கொண்டிருக்கின்றன.

பிரவீனிடம் கோபப்பட்டது மனதை அறுத்தது. நேற்றுக் காலையில் கம்பெனிக்கே போய்விட்டேன். புது ஓவன் வந்திருக்கிறது, எல்லாம் கம்ப்யூட்டர். வெறும் தட்டு ஓட்டுவதில்லை, யாரும் நின்று டீ குடிப்பதும் இல்லை. முதல் தட்டு வெளியே வந்தது. பின் வரிசை முழுக்கக் கருத்திருந்தது.

"இதத்தான் மேடம் சொல்ல வந்தேன். இந்த ஓவன்ல மூணாவது தட்டுலேர்ந்துதான் நிறம் சரியா வருது. நோட்டுல முதல் தட்டுன்னு இருக்கறதால அதையே புள்ளைங்களுக்கு அனுப்பிட்டு இருக்கோம். நல்லதா அனுப்பலாமேன்னு கேக்கறதுக்குள்ள போன வெச்சிட்டீங்க."

கருத்த பிஸ்கட்டைக் கையில் எடுத்தேன். என் கையெழுத்தின் பேரில் மறுபடியும் செகண்ட்ஸ் போய்க்கொண்டிருக்கிறது. எந்தத் தாய் எந்த அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாளோ. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த வரிய அடிங்க பிரவீன்" என்றேன். "இன்னிக்கு எந்தத் தட்டு நல்லாருக்கோ அது புள்ளைங்களுக்கு. மூணாவதுன்னா மூணாவது, ஒம்பதாவதுன்னா ஒம்பதாவது. அப்படி எழுதுங்க."

"காரணம்னு கீழ இன்னா போடறது மேடம்?"

"எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ எழுதிவிட்டேன்.

ஒன்றே ஒன்று மிச்சம். அந்தக் கை நாடாவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என் பையில்தான் இருக்கிறது, பர்ஸுக்குப் பக்கத்தில். யாழினிக்கு இப்போது பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். நெமிலி பஸ்ஸிலிருந்து அந்த வயதுப் பெண் யார் இறங்கினாலும் என் கை தானாகப் பைக்குள் போகிறது. அவளைப் பார்த்தால் அந்த நாடாவைக் கையில் சுற்றிப் பார்க்க வேண்டும். அது எட்டாமல் போக வேண்டும். "ஆயா, நான் குண்டு" என்று அவள் சிரிக்க வேண்டும்.